சுறாவையும் திருக்கையையும் ஒரே கட்டத்தில் எழுதினேன்

போன மாசியில் ஒரு காலை, வேலை முடிந்து சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட என்னைப் பக்கத்து நிலத்துக்காரர் சின்னசாமி வந்து கூப்பிட்டார்.

"சார், ஒரு நடை வந்து பாருங்க. பன்னி எறங்கி கடலக்காய நாசம் பண்ணி வச்சிருக்குதுங்க."

போனேன். கடலைக் காடு முழுக்க முறம் அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் மென்று துப்பிய தோல். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வரப்பை விட்டு இறங்க எனக்குக் கால் வரவில்லை. இதே குழிகளை நான் முன்பு பார்த்திருக்கிறேன், கடல் தண்ணீருக்கு அடியில்.

மீன் வரத்துக் கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

விலங்கியல் முதுகலை முடித்து, மொரப்பூரில் ரயிலேறித் தென்கடலோர ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். படகுகள் கரைக்கு வரும்போது லேண்டிங் சென்டரில் நின்று, எந்த மீன் எத்தனை எடை என்று ஃபார்மில் எழுதவேண்டும். மாதக் கடைசியில் மொத்தக் கணக்கை ரிட்டர்னாக மேலே அனுப்பவேண்டும். முதல் நாள் கொம்பன் சுறா, பால்சுறா, திருக்கை என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போனேன். மேலதிகாரியும் எங்கள் மாவட்டம்தான், பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர். ஃபார்மைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏந்தம்பி, ரெண்டுக்கும் எலும்பு கெடையாது. ரெண்டும் கருவாட்டுக்குத்தான் போவுது. எதுக்குத் தனித்தனியா எழுதி உசுர வாங்கற? ஒரே கட்டத்துல போட்டு டோட்டல் பண்ணு."

"தனிக் கட்டம் இருக்குதுங்களே சார்."

"இருந்தா ரொப்பணுமா? உங்க வூட்ல இருக்கற பானையெல்லாம் தெனமும் ரொப்பறீங்களா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிய சுறாக்கள் திருக்கையைத் தின்னும் என்று படித்தவன் நான். மறுநாள் முதல் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினேன். தினம் ஒரு மணி நேரம் முன்னதாக அறைக்குப் போக முடிந்தது.

2. மாறாத டோட்டல்

வருடங்கள் போயின. நான்கு பேர் சேர்ந்து இழுத்து வரும் சுறாக்கள் முதலில் குறைந்தன. பிறகு ஒருவர் தோளில் தூக்கி வரும் அளவுள்ளவை மட்டும் வந்தன. பிறகு அவையும் இல்லை. அந்த இடத்தில் திருக்கைகள் குவிந்தன. கண்ணெதிரே நடந்தது. ஆனால் டோட்டல் அசையவில்லை. 'மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முகத்துவாரத்து மணல்திட்டில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைத்தவர் சேசம்மாள். ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்.

"சார், மட்டியெல்லாம் எங்க போச்சு? தரையெல்லாம் குழி குழியாக் கெடக்கு. மட்டியத் தோண்டித் திங்குற திருக்கை பெருத்துப்போச்சோன்னு பயமா இருக்கு. கணக்கப் பாத்துச் சொல்லுங்க."

பக்கங்களைப் புரட்டினேன். "கணக்குல ஒண்ணும் மாறலம்மா."

"அப்பச் சரி. எழுதுனவுக நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

என்னை நம்பி, மட்டி தேடி இன்னும் உள்ளே, முழங்கால் தண்ணீருக்குப் போகத் தொடங்கினார்.

3. குழிகள்

"உள்ளயும் குழியாத்தான் கெடக்கு. ஒருதரம் வந்து ஒங்க கண்ணால பாருங்க" என்று சேசம்மாள் வற்புறுத்தி என்னை அழைத்துப் போனார். உச்சிவெயில், தண்ணீர் வற்றியிருந்த நேரம். எப்போதும் அங்கே நிற்கும் பறவைகள் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய வரை குழிகள், அடியில் நொறுங்கிய ஓடுகள். எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீருக்குள் இறங்கினோம். ஒரு குழியின் அடிமணல் மெல்ல எழுந்து தாழ்ந்தது. மூச்சு விடுவதுபோல. உற்றுப் பார்த்தேன். மணலில் இரண்டு கண்கள். அதற்கு அடுத்த குழியிலும் மணல் மூச்சு விட்டது. அதற்கடுத்ததிலும். தரை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருக்கை இருக்கும் இடத்தில் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கவேண்டும், அது விலகிப்போகும். அந்தத் திட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதுவரை தேவைப்பட்டதில்லை. நான் வாய் திறப்பதற்குள் சேசம்மாள் அடுத்த அடியை எடுத்து வைத்துவிட்டார்.

திருக்கையின் வால்முள் அவர் கணுக்காலில் ஏறியது. புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்.

"சார், இதயாவது கணக்குல எழுதுங்க."

சுறா அழிந்ததுதான் திருக்கை பெருகக் காரணமா, வேறு காரணமும் உண்டா? இன்று என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே காகிதத்தை நானே கெடுத்துவிட்டேன்.

4. மனு

கடலைக் காட்டு வரப்பில் சின்னசாமி சொன்னார்:

"நீங்கதான் சார் மனு எழுதித் தரணும். பன்னி, மயிலு, சிறுத்தை எல்லாத்தயும் சேத்து வனவிலங்குத் தொல்லைன்னு ஒரே வரியில போட்டுருங்க. பவரா இருக்கும்."

"சிறுத்தைய எப்பங்க பாத்தீங்க?"

"நான் எங்கீங்க பாத்தேன்? எங்கப்பா காலத்துல சித்தேரி மலையிலிருந்து எறங்கும்பாங்க."

"அப்ப பன்னி இந்த அளவுக்கு எறங்குச்சுங்களா?"

அவர் குழிகளைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

மனுவில் மூன்று வரி எழுதினேன். பன்றி: இத்தனை குழிகள். மயில்: இத்தனை. சிறுத்தை: பார்த்தவர் யாருமில்லை.

"இல்லாததுக்கு எதுக்குங்க சார் ஒரு வரி?"

"அந்த மாதிரி ஒரு வரிய நான் எழுதாம வுட்டதுலதாங்க ஒரு அம்மாவுக்குக் கால் போச்சு."

பிள்ளைகளே, உங்கள் ஃபார்மில் ஒரு கட்டம் காலியாகும்போது பக்கத்துக் கட்டத்தை எடுத்து அதில் ஊற்றாதீர்கள். பூஜ்ஜியம் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.