கருகல் நோயும் கீழ்ப் பிரிவு வாட்ஸ்அப் குழுவும்

விவசாயப் போதனாசிரியர் வேலை என்பது, குடையைப் பிடித்துக்கொண்டு, குடையில்லாமல் நனைந்துகொண்டிருப்பவர்களுக்கு மழையைப் பற்றி விளக்கும் வேலை. ஆசிரியர்கள், தாதியர், பிள்ளை வளர்ப்பவர்கள் என, அறிவுரை கூறுவதையே பிழைப்பாகக் கொண்ட அனைவரும் எனக்கு உறவினர்கள்தான். ஆகவே நான் இங்கே கூறப்போவது உங்களுக்கு வியப்பைத் தராது, ஆறுதலைத் தரக்கூடும். ஹட்டனிலிருந்து பஸ் ஏறிச் செல்லும் தொலைவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப் பிரிவில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, அந்த நிலத்தைத் துண்டு துண்டாகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மரக்கறி பயிரிடக் கொடுத்திருந்தார்கள். சென்ற போகத்தில் அநேகமாக எல்லோரும் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அறிவு புகட்டும் பொறுப்பு என்னுடையது.

பெரட்டுக் களத்தில் பாடம்

முதல் வகுப்புக்குத் தோட்டத்தில் ஒதுக்கிக் கொடுத்த இடம் பெரட்டுக் களம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை காலையில் ஆட்களை நிறுத்தி இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் அதே இடம். வந்தவர்கள் பழக்கதோஷத்தில் வரிசை கட்டி நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். உட்காருங்கள் என்று நான் கெஞ்சியும் ஒருவரும் உட்காரவில்லை. அந்தக் களத்தில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லையாம்.

நான் கருகல் நோயைப் பற்றி விளக்கினேன். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் கிழங்குச் செடியின் இலையில் கரும்புள்ளி விழும். விழுந்த பின் வைத்தியம் கடினம். ஆகவே மழை பிடிப்பதற்கு முன்பே மருந்து தெளித்துக் காப்பதே உத்தமம் என்றேன். பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ராமையா கங்காணி, என் ஒவ்வொரு வாக்கியத்தையும் உத்தரவாக மாற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் “தெளிப்பது நல்லது” என்றால் அவர் “எல்லாரும் அடிக்கணும்” என்பார். இறுதியில், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன். சரோஜா என்ற பெண், கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி, எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியைக் கேட்டார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர் என்பதை அறிந்தால்தான் அதன் ஆழம் விளங்கும்.

“மிஸ், இப்ப நின்னதுக்கு அரைப் பேருங்களா, முழுப் பேருங்களா?”

கிழங்கு வைத்தியமும் குடும்ப வைத்தியமும்

இந்தச் சரோஜாவின் கணவர் தியாகு. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் காணக் கிடைக்கும் மனிதர். நிலத்துண்டு கிடைத்ததும் சரோஜா அவரை ஊருக்கு வரவழைத்துவிட்டார். அவரும் வந்தார், ஒரு நிபந்தனையோடு. இந்தப் போகம் கிழங்கு நன்றாக வந்தால் ஊரிலேயே தங்குவார். வராவிட்டால் மறு பஸ்ஸில் கொழும்பு.

சரோஜாவுக்குப் பகலெல்லாம் கொழுந்து மலையில் வேலை; துண்டைப் பார்த்துக்கொள்வது தியாகுவின் பொறுப்பு. நான் வேலியோரம் நின்று, அடியுரம் இடுவது பற்றியும் மண் அணைப்பது பற்றியும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சரோஜா என்னைத் தனியே அழைத்து இந்த நிபந்தனையை எடுத்துரைத்தார். என் பதவிக் கடமைகளின் பட்டியலில் இல்லாத ஒன்றை என் தலையில் சுமத்தி முடித்ததும் சாவதானமாகச் சொன்னார்:

“அதனால நீங்க கிழங்குக்கு மட்டும் வைத்தியம் சொல்லலங்க மிஸ், எங்க குடும்பத்துக்கும் சேத்துத்தான் சொல்றீங்க. பாத்துச் சொல்லுங்க.”

சமவெளி ஞானம்

தியாகு சோம்பேறி அல்லர், அதுதான் சிக்கல். அவர் யூடியூபில் ஒரு விவசாய அன்பரைப் பின்தொடர்ந்தார். அந்த அன்பர் இருப்பது தமிழ்நாட்டில், வெயில் கொளுத்தும் ஏதோ ஒரு சமவெளியில்.

ஒருநாள் காலையில் நான் போனபோது, கம்பளித் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், மேலே ஒரு ஜாக்கெட் சகிதம், பேசினால் வாயிலிருந்து ஆவி வரும் குளிரில், தியாகு பழைய சேலைகளையும் உரச் சாக்குகளையும் கம்புகளில் கட்டிப் பாத்திகளுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். உச்சி வெயிலில் செடி வாடிவிடக் கூடாதல்லவா என்றார். இங்கே வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம், கிடைக்கிற வெளிச்சத்தையும் மறைத்தால் ஈரம் காயாமல் நோய்தான் வரும் என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சரோஜா அன்று மாலையே சேலைகளை அவிழ்த்துக்கொண்டார்; அவற்றில் ஒன்று அவருடைய நல்ல சேலை. தியாகு மட்டும் தம் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

“மிஸ் சொல்றதும் சரிதாங்க. ஆனா அவர லட்சக்கணக்குல பாக்குறாங்க. உங்கள நாங்க நாலு பேருதானே பாக்குறோம்.”

கூப்பிய கைகள்

இனி நானும் காலத்துக்கு ஏற்ப நடப்பது என்று தீர்மானித்து, கீழ்ப் பிரிவுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். அங்கே சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: மாரியம்மன் கோயில் வளைவு. ஆகவே கோயில் மதில்மேல் தொலைபேசிகளை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். திரும்பும்போது அன்றைய செய்தியெல்லாம் மொத்தமாகக் கொட்டியிருக்கும். அம்மனுக்கும் அது பழகிவிட்டது.

நோயுற்ற இலையைப் படம்பிடித்து அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்த படங்களில் எல்லோரும் குளித்து, தலைவாரி, நல்ல உடை உடுத்தி, கோயில் கோபுரம் பின்னால் தெரிய நின்றிருந்தார்கள். கையில், மாலை பிடிப்பதுபோல, ஒரு கிழங்குச் செடி. ராமையா கங்காணி கோட் அணிந்திருந்தார். முகங்கள் துலக்கமாக இருந்தன, இலைதான் கலங்கியிருந்தது. படம் அனுப்ப அத்தனை தூரம் ஏறி வருபவர்கள் வந்த கோலத்தைக் காட்டாமலா போவார்கள்?

மழைக்காலம் நெருங்குகிறது, மருந்தை வாங்கி ஆயத்தமாக வைத்திருங்கள் என்று ஓர் எச்சரிக்கையும் அனுப்பினேன். அது பிள்ளையார் படத்துக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவே போய் விழுந்தது. பதிலாக வரிசையாகக் கூப்பிய கைகள், ரோஜாப்பூக்கள், வேதக்காரர் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஓர் ஆமென். யாராவது மருந்து வாங்கினார்களா என்று நேரில் விசாரித்தேன். கங்காணி மனம் புண்பட்டவராகச் சொன்னார்:

“அதான் எல்லாரும் கும்பிட்டுட்டோமே மிஸ், அதுக்கு மேல என்ன செய்யணும்?”

வரட்டும் பார்க்கலாம்

சரோஜா மட்டும் மருந்து வாங்க வேண்டும் என்றார். லீவு எடுத்துக்கொண்டு வந்தவரை நானே ஹட்டன் நகரத்து மருந்துக் கடைக்கு அழைத்துச் சென்றேன். பூச்சிக்கும் நோய்க்குமான மருந்துகள் கண்ணாடி அலுமாரியில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் கடை அது. எங்கள் பகுதி விவசாயிகள் என்னிடம் ஆலோசனையும் அந்தக் கடை முதலாளியிடம் வைத்தியமும் பெறுவது வழக்கம். முதலாளி சரோஜாவின் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, கிழங்குக்கா என்று கேட்டு, பூச்சி மருந்து ஒன்று, நோய் மருந்து ஒன்று, செடி கொழுக்க டானிக் ஒன்று என எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி அடித்தால் எந்த வியாதியும் நிற்காதாம்.

நான் குறுக்கிட்டு, செடியில் இன்னும் நோயே இல்லை, வருமுன் காக்கும் மருந்து ஒன்று மட்டும் போதும் என்று அதன் பெயரைச் சொன்னேன். கையிலெடுத்த டானிக் போத்தலைத் திரும்ப அலுமாரியில் வைக்கும்போது அவர் முகத்தில், தொழில் தெரியாதவர்கள்மேல் தொழில் தெரிந்தவர்களுக்கு உண்டாகும் இரக்கம் தெரிந்தது.

“மொதல்ல நோய வர விடுங்க மிஸ். வந்துச்சுன்னா நான் பாத்துக்குறேன், இந்த அக்கா ஏன் கவலப்படணும்?”

மடுவத்து ஒலிபரப்பு

பிறகு ஒருநாள் காலையில், மலைகளைக் காணவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது, தொடர்ந்து மழை என்று வானிலை அறிவிப்பும் வந்தது. குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு கூப்பிய கைகூட வரவில்லை. மழைக்குப் பயந்து அன்று எவரும் மதில்மேல் தொலைபேசி வைக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பஸ் பிடித்து நேரே போனேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பகல் நிறுவைக்குப் பெண்கள் பையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் நின்றவரிடம், இன்றே மருந்து அடித்துவிடுங்கள், பனி தங்கினால் கிழங்கு போய்விடும் என்று சொல்லிவிட்டு, கங்காணியைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். திரும்பி வருவதற்குள் செய்தி வரிசையின் முன்பக்கம் சென்று, தராசைத் தாண்டி, மேல் மலைவரை ஏறிவிட்டிருந்தது. மழைக்கோட்டுக்குள் முகம் மறைந்து நின்ற என்னை இன்னாரென்று அறியாத ஒரு பெண், என் தோளைத் தட்டி அதை எனக்கே அறிவித்தார். நான் திருத்தவில்லை, மருந்தும் நாளும் சரியாக இருந்தன.

“ஒங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கே கிழங்குக்கு மருந்து அடிக்கணுமாம். அந்த மிஸ் சும்மா சொன்னாப் பரவாயில்ல, தொரையே சொல்லிட்டாராம்.”

காணாமற்போன வெயில்

துரை சொன்னார் என்பதால் கீழ்ப் பிரிவில் பெரும்பாலானோர் அன்றே கடைக்கு ஆளனுப்பி மருந்து வாங்கித் தெளித்தார்கள். நான் சொன்னேன் என்பதால் சரோஜாவும், முன்பே வாங்கி வைத்திருந்த மருந்தைத் தெளித்தார். வேலை விட்டு வந்து, டேங்கை முதுகில் ஏற்றி, மழை பிடிக்கும்வரை அடித்ததில் துண்டின் சரிபாதி முடிந்தது. காலையில் மழை விடும் இடைவெளி பார்த்து மீதியைத் தியாகு அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் அடுத்து எட்டிப் பார்க்கச் சில நாட்கள் ஆகிவிட்டன. மீதிப் பாதி அப்படியே இருந்தது. இலைகளில் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். இனி வெயில்தான் என்றிருக்கும்போது மழைக்கு முந்திய மருந்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று தியாகு நிதானமாகக் கேட்டார். ஆதாரமாகத் தொலைபேசியை நீட்டினார். வாரம் முழுக்கச் சூரியன் படம். பனி அத்தனை அடர்த்தி. திரையை மூக்கருகே கொண்டுவந்துதான் மேலே இருந்த ஊரின் பெயரைப் படிக்க முடிந்தது. கொழும்பு. கொத்து ரொட்டி போட்ட காலத்தில் தேர்ந்தெடுத்தது, மாற்ற மறந்துவிட்டார். அவர் திரையைத் துடைத்துப் பார்த்தார், வானத்தை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கருகும் இலைகளைப் பார்த்தார். டேங்கைத் தேடி ஓடும்முன் மெல்லச் சொன்னார்:

“அதான பாத்தேன் மிஸ், இங்க வெயில் வர இவ்வளவு லேட்டாகுதேன்னு.”

பாதி

கொதிநீர் ஊற்றியதுபோல அந்தப் பாதி கறுத்துச் சாய்ந்தது. இந்தப் பாதி பச்சையாக நின்றது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல ஒரு சால். பலகை நட்டு, நாடா கட்டி, அதிகாரிகளை அழைத்து நான் அமைத்த செயல்விளக்கத் துண்டங்கள் எதுவும் அத்தனை தெளிவான பாடத்தைக் காட்டியதில்லை.

கிழங்கு தோண்டும் நாளில் போனேன். தியாகு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கறுத்த பக்கத்தைப் பார்க்காமல் கட்டினார். நல்ல பக்கத்தில் கிழங்கு கொத்துக் கொத்தாக வந்திருந்தது, மற்றதில் கோலிக்குண்டளவு. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போன கேள்வியைச் சரோஜாவிடம் கேட்டேவிட்டேன்: இருப்பாரா, போவாரா? மண்வெட்டியை ஊன்றி, கணவரின் காதில் விழும்படி அவர் பதில் சொன்னார்.

“பாதிதானே வந்திருக்கு மிஸ். அவருலயும் பாதிய மட்டும் கொழும்புக்கு அனுப்பலாமான்னு பாக்குறேன்.”

நிபுணர்

அந்தப் பாதி பச்சை, பாதிக் கறுப்புச் செய்தி தோண்டுமுன்பே மலை தாண்டிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து வேலியோரம் நின்று பார்த்தார்கள்; அறுவடைக்குப் பிறகும் வந்தார்கள். என் வகுப்பில் கேள்வியே கேட்காதவர்கள், என்ன மருந்து, எப்போது அடித்தது, இலைக்கு அடியிலும் அடிக்க வேண்டுமா என்றெல்லாம் தியாகுவைத் துளைத்தார்கள். ‘அண்ணே’ என்றார்கள். கொழும்பில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்ற காலத்தில் அவரிடம் யாரும் எதற்கும் விளக்கம் கேட்டதில்லை.

ஒருநாள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று நானும் கேட்டேன். மருந்தின் பெயர், அளவு, தெளிக்கும் நேரம் எல்லாம் பிசகில்லாமல் சொன்னார். ஒரு பாதியை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, மிஸ் சொல்வது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கத் தாமே வேண்டுமென்று விட்டதாகத் தயங்காமல் விடையளித்தார். கொழும்புச் சாப்பாட்டுக் கடை முதலாளி அழைப்பு மேல் அழைப்பு விடுத்தும் போகவில்லையாம். தாம் போய்விட்டால் வருகிறவர்களுக்கு யார் விளக்கம் சொல்வது என்று கேட்கிறாராம். இதைச் சரோஜா என்னிடம் சொன்னபோது, அந்தச் சோதனைக் கதையை நான் திருத்தட்டுமா என்றேன். அவர் அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விட்டுருங்க மிஸ். பொய் சொல்லிக்கிட்டாவது மனுசன் ஊரோட கெடக்கட்டும்.”

ஆகவே என் தொழில்துறைச் சகபாடிகளே, நல்ல ஆலோசனை ஒன்று நாலு மலை தாண்டிப் பரவ வேண்டுமானால், அதைப் பின்பற்றாத ஒரு நல்லவர் எங்காவது இருந்தாக வேண்டும்.