துடக்கு நாளில் ஒரு பாரசீகப் பாட்டு

யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்த செய்தி கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்துசேர எட்டு நாள் பிடித்தது; சண்டையில் அங்கே லைன்கள் அறுந்திருந்தன. கொள்ளி வைக்க நான் இல்லை. ரெலிபோனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். கண்ணீர் வரவில்லை. மனம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவன் நான். சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள் துடக்கு என்பதால் கோயிலும் இல்லை, பாட்டும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான், ரெக்ஸ்டேல் பெட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஈரான்காரர் ஒரு கடதாசியை நீட்டினார். அவர்களுடைய பழைய கவிதை, ஆங்கில எழுத்தில். தங்கள் புதுவருடக் கூட்டத்தில் நான் மெட்டுப் போட்டுப் பாட வேண்டுமாம். உடைந்த இங்கிலிஷில் கருத்தும் சொன்னார்: மது, காதலி, பிரிவு.

வீட்டில் கேட்டேன்.

"உது காதல் பாட்டுத்தானே, அதுக்கென்ன துடக்கு? பாடுங்கோ," என்றாள் மனைவி. "நீங்கள் இப்பிடி வாய் திறக்காமல் இருக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மோகனத்தில், ஆதி தாளத்தில் கட்டினேன். இரண்டு கிழமை கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் தொடையில் தட்டிப் பாடிக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதை எண்ணக்கூடாது. சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம்."

நம்முடைய விருத்தம் மாதிரி என்று விளங்கியது. அந்தக் காதலி உண்மையில் கடவுள்தான் என்றும் சாவகாசமாகச் சொன்னார். இரண்டு கிழமையாகத் துடக்கோடு சாமிப் பாட்டுப் பாடியிருக்கிறேன்! வேறு நாளென்றால் பதறியிருப்பேன், இல்லாவிட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரண்டும் வரவில்லை.

தாளத்தை விட்டுவிட்டு விருத்தமாகப் பாடினேன். முடிந்ததும் அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தார்.

"இது வரப்போகிறவளுக்காகக் காத்திருக்கிற பாட்டு. நீ போய்விட்டவளுக்குப் பாடுகிறாய். யார் அது?"

தொழிற்சாலையில் நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வீட்டிலும் 'செய்தி வந்தது' என்பதோடு சரி.

"அம்மா," என்றேன்.

மெட்டை மாற்ற வேண்டாம் என்றார். மணி அடித்தது. மெஷினில் போய் நின்று பெட்டிகளை மடிக்கப் பார்த்தேன். ஒரே பெட்டியை மூன்று தரம் மடித்து மூன்று தரம் பிரித்தேன். அம்மா இனி இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.