அம்மா வாட்ச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறேன். உள்ளே போன் கூடாது, கண்ணாடிச் சாமான் எதுவும் கூடாது. அம்மாவின் சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சை மட்டும் விட்டார்கள், அதன் மேல்மூடி பிளாஸ்டிக் என்பதால். அம்மா போன பிறகு அதில் அவள் போட்ட கீறல்களை விரலால் தடவிக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போவேன்.

போன மாதம் மூடி உடைந்தது. பஜாரில் கொடுத்தேன். கீறலே விழாது என்று பெருமையாக அசல் கண்ணாடியைப் போட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி அக்கா நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, கண்ணாடி போட்டுக்கினு வந்துகீற? கழட்டி வெச்சிட்டுப் போ."

வெறும் மணிக்கட்டைப் பார்ப்பதும் ஏமாறுவதுமாகவே ஷிஃப்ட் ஓடியது. நூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் வாட்ச் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். அது அம்மாவுடையது இல்லையே.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, பிளாஸ்டிக் மூடி இப்போது வருவதில்லை, திருவள்ளூரில் பழைய சரக்கு இருக்கலாம் என்றார் பஜார்க்காரர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினேன், கும்மிடிப்பூண்டிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பெரியபாளையம் போய் பஸ் மாற வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு பஸ்ஸுக்கும் 55 ரூபாய். அன்று அமாவாசை என்பதே நினைவில்லை. நோய் தீர வேண்டித் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போகிறவர்களால் பஸ் பிதுங்கியது. ஊர்ந்த வண்டியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெல்லப் பொட்டலத்தோடு பக்கத்தில் இருந்த பெண்மணி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "சீட்டுல இன்னா முள்ளா கீது?"

அமாவாசையால் ஒரு லாபம், ஞாயிறானாலும் கோயில் பக்கம் கடைகள் திறந்திருந்தன. இரண்டு கடைகளில் பேட்டரியும் பட்டையும்தான். மூன்றாவது கடைக்காரர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் கண்ணாடி போடுன்னு உசுர வாங்குறாங்க. நீ இன்னாம்மா, நல்லா கீற கண்ணாடிய எடுன்ற?"

கேட் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. நான் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அடுத்தது உட்கார்ந்தது. 80 ரூபாய். கையில் கட்டியதும் கடை என்றும் பார்க்காமல் அழுகை வந்துவிட்டது. ஆனால் மூடி பளபளவென்று யாருடைய வாட்ச்சோ போல இருந்தது. அந்தக் குறை வீடு வரை அரித்தது.

நீங்கள் இப்படி மூடி மாற்றப் போவதாக இருந்தால் பழைய மூடியையும் எடுத்துப் போங்கள், அளவுக்கு உதவும். எக்காரணம் கொண்டும் அதைக் கடையில் விட்டுவராதீர்கள். என்னுடையது பஜார்க் குப்பையில் போனது போனதுதான்.

திங்கட்கிழமை செக்யூரிட்டி அக்கா தட்டிப் பார்த்து, போ என்று தலையாட்டினார். மதியம் பெட்டி தூக்கும்போது கை தள்ளுவண்டியில் இடித்தது. நாலாம் எண்ணுக்கு மேல் ஒரு கீறல். முதலில் துணியால் அழுத்தித் துடைத்தேன், போகவில்லை. டீ இடைவேளையில் அதை விரலால் தடவிப் பார்த்தேன். அம்மா வாட்ச் மாதிரி இருந்தது.