லயத்துச் சிவப்பு நாற்காலி

தர்ம காரியத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இளகிய மனசு வேண்டும் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் வேண்டியது நல்ல முழங்கால், அடுத்தது ஒரு நாளைக்கு ஒன்பது டீயைத் தாங்குகிற வயிறு.

என் பெயர் பகவதி. பிறந்தது நாகர்கோவில் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருவனந்தபுரத்தில். சாலை பஜாரில் ஒரு மொத்தத் துணிக்கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத மாடிப்படி ஏறி வந்தால் எங்கள் டிரஸ்ட் ஆபீஸ். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பை, குடை, ஷூ. ஓணத்துக்கு அரிசி, பலசரக்கு. மேற்படிப்புக்குப் போகிற சிலருக்கு ஹாஸ்டல் செலவு. யாருக்குக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. மக்கள்தொகைக் கணக்குக்குப் போகிறவர்கள், இன்ஷூரன்ஸ் பிடிக்கப் போகிறவர்கள், சொட்டு மருந்துக்குப் போகிறவர்கள் என்று நாய் குரைக்கிற கேட்டுக்கு வெளியே நின்று பழகிய எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எந்த வீட்டிலும் நுழைந்த இரண்டு நிமிஷத்தில் நிலவரத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. போன வருஷம் அந்தக் கர்வம் ஒரு பெண்ணின் படிப்பையே கெடுக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டு சின்ன விஷயங்கள்.

ஒரே கலர் குடை

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடைகளை மொத்தமாக வாங்குவோம். மொத்தமாக வாங்கினால் ஒரே நிறம்தான் கிடைக்கும். அந்த வருஷம் ஆரஞ்சு. போதாததற்கு டிரஸ்டின் பெயரை வெள்ளை எழுத்தில் அச்சடித்தும் வைத்தோம். மழையில் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக ஆரஞ்சுக் குடைகள் போவதைப் பார்த்துப் பூரித்துப்போய் ஒரு படம் எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டினோம்.

அடுத்த வருஷம் குடை வாங்க வந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புதுக்குடையைக் கையில் வாங்கிய பிறகும் நகராமல் நின்றாள். பழைய குடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்துப் போவதில்லை, நனைந்துகொண்டே போவேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு, அன்று சாயங்காலமே கடைக்காரரிடம் போய் இனிமேல் பல நிறத்தில், பெயர் எழுதாத குடைகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுவரில் இருந்த படத்தையும் கழற்றிவிட்டேன். அவள் சொன்னது இதுதான்: “சேச்சி, மழை பெஞ்சா கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது, ஆரெல்லாம் பாவப்பட்ட வீட்டுக் குட்டிகள்னு.”

காகிதத்தில் ஒரு கால்

ஷூவுக்கு அளவு எடுக்கப் பிள்ளைகளை ஒரு காகிதத்தில் நிற்க வைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொல்வோம். ஒரு அம்மா கொண்டுவந்த காகிதத்தில் இருந்த கால் மூன்றாம் வகுப்புப் பையனுடையதாகத் தெரியவில்லை. மீசை வைத்த ஆளின் கால் மாதிரி இருந்தது. பையனை அழைத்து அந்தக் காகிதத்தின் மேலேயே நிறுத்தினேன். சுற்றிலும் இரண்டு விரல் இடம் மிச்சம் கிடந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. அதற்கப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு அளவு கூட்டித்தான் ஷூ வாங்குகிறோம் என்றால், அதற்குக் காரணம் அவர் அன்றைக்கு என்னிடம் நிதானமாகச் சொன்னது: “கால் வளரும் சேச்சி. டிரஸ்ட் வருஷத்துக்கு ஒருக்கத்தானே வரும்.”

குளிரில் சுற்றிய ஃபேன்

இனி அந்தப் பெண்ணின் விஷயம். வித்துரா தாண்டி மேலே ஒரு தேயிலை எஸ்டேட். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அங்கே வேலை. தொழிலாளிகள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அங்கிருந்து அனிதா என்ற பெண் விண்ணப்பம் போட்டிருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க், நகரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. அப்பா இல்லை. அம்மா முத்துலட்சுமி கொழுந்து பறிக்கிறவர். மலையிலிருந்து தினமும் வந்து போக முடியாது. ஹாஸ்டல் செலவை நாங்கள் ஏற்றால் அவளுக்குப் படிப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை.

மழை தொடங்கிய சமயம். எங்கள் டிரைவர் பிஜு ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டார். அட்டைக்கடியோடு ஏறிப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. அதன் இடது கை உடைந்து, கம்பியால் தைத்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அந்தக் கம்பி என் முழங்கையைக் கீறியது. எதிரே மேஜையில் பூப்போட்ட விரிப்பு, பலகையில் மிக்சி, மூலையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பீங்கான் கப்பில், சாசரோடு பால் டீ வந்தது. அந்தக் குளிரில் ஃபேன் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்தேன், எழுதினேன்: ‘மேஜை, நாற்காலி, மின்விசிறி, மிக்சி உண்டு. வசதி போதுமானது. இதைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.’ நான் எழுதுவதை அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வீட்டப் பத்தி நல்லதா எழுதணே சேச்சி.”

முழங்கை கண்டுபிடித்தது

பட்டியல் முடிவாகி, அனிதாவின் பெயர் அதில் இல்லாமல், ஒரு மாசம் போயிற்று. கண் பரிசோதனை முகாமில் பார்த்த மூன்று பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி கொடுக்க அதே லயத்துக்குப் போனேன். இரண்டாவது வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். முழங்கையில் அதே இடத்தில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் சிவப்பு நாற்காலி, கம்பித் தையல். என் கண் காட்டாததை முழங்கை காட்டிக்கொடுத்தது. சரி, இரவல் வாங்கியிருப்பார்கள் என்று எழுந்து முன்வாசல் வழியாக ஆறாவது வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் நாற்காலி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. நான் உட்கார்ந்த சூடுகூட ஆறவில்லை.

எட்டாவது வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே லயத்தின் பின்பக்கம் போய் நின்றேன். தங்கம் என்கிற அம்மா நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார், நாற்காலியை இறக்கவில்லை. அதற்குக் கீழிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். லயத்தில் இருப்பது இந்த ஒரு நாற்காலிதான், அது அவருடையது. ஃபேன் இரண்டாவது வீட்டுடையது, மேஜையும் மிக்சியும் கடைசி வீட்டுடையவை, கப்பும் சாசரும் சூப்பர்வைசர் வீட்டிலிருந்து வாங்கியது. யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் எல்லாம் பின்கதவு வழியாக அங்கே போகும். முத்துலட்சுமி வீட்டில் சொந்தமாக இருப்பது இரண்டு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். உதவி கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் அனிதா அழக்கூட இல்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தியோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அன்று வியாழக்கிழமை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தங்கத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “சேச்சிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? எல்லாரும் மனசறிஞ்சு கொடுத்ததாக்கும்,” என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்

எங்கள் செயலாளர் மகாதேவன் சார் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். அரசாங்க ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். பேனாவால் எழுதியதை யாராவது அடித்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கிழிக்கப்படாது. அடிக்கவும் படாது. அதுக்குக் கீழேயே எழுதுங்கோ, நான் பார்த்தது தப்பு, இன்ன காரணத்தால தப்புன்னு. எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ,” என்றார்.

‘நான் பார்த்தது தப்பு’ என்ற மூன்று வார்த்தை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு வேகமாக வந்தது. நாற்காலி, ஃபேன், பின்கதவு எல்லாவற்றையும் எழுதினேன். குளிரில் ஃபேன் ஓடியதைக் கேட்காமல் விட்டதையும் எழுதினேன். மகாதேவன் சார் மூன்று டிரஸ்டிகளுக்கும் போன் போட்டு, ஒவ்வொருவருக்கும் அதை முழுக்க வாசித்தார். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. மூன்றாவது டிரஸ்டி, முன்னால் தள்ளிவிட்ட வீடுகளில் எத்தனையில் இப்படி நடந்திருக்கும் என்று கேட்டார். அந்த வருஷம் நான் தள்ளிய எல்லா வீட்டுக்கும் பிறகு திரும்பவும் போய் வந்தேன். அதற்கு முந்திய வருஷங்களில் எத்தனை வீடு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்று பேரும் சம்மதித்தார்கள். போனை வைத்த பிறகு மகாதேவன் சார் என் ரிப்போர்ட்டைக் கோப்பில் கோத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “இந்த டிரஸ்ட்டுக்கு வந்த ரிப்போர்ட்டுகள்ளே, நான் கண்ணை மூடிண்டு நம்பறது இது ஒண்ணைத்தான்,” என்றார்.

சனிக்கிழமை

மறுநாள் பிஜுவுக்கு லீவு. விஷயத்தைச் சொன்னதும் ஜீப்போடு வந்துவிட்டார், அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும். மேலே போனபோது அனிதாவின் பை கட்டி வாசலில் இருந்தது. நான் எழுதியதுதான் தப்பு, ஹாஸ்டல் செலவு கிடைத்துவிட்டது, உன் இடம் இன்னும் இருக்கிறது, திங்கட்கிழமை கல்லூரியில் சேர்ந்துவிடு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அனிதா பையை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். முத்துலட்சுமிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குள் பின்கதவு வழியாகச் சிவப்பு நாற்காலி வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வேண்டாம், நான் நின்றுகொள்கிறேன் என்றேன். நாற்காலியைக் கொண்டுவந்த தங்கத்தின் முகம் வாடியது. முத்துலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பின்னால் நின்ற பிஜு என் காதருகில் சொன்னார்: “சேச்சி, நாற்காலியில ஒண்ணு இருங்க. எழுதி ஒருக்கக் கெடுத்தாச்சு, இனி நின்னும் கெடுக்கண்டா.”

மாடிப்படியில்

திங்கட்கிழமை கல்லூரியில் சேர்ந்துவிட்டு அம்மாவும் பெண்ணும் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். வருகிறார்கள் என்று முன்னால் தெரியாது. எங்கள் ஆபீஸில் இருப்பது இரண்டே நாற்காலி, ஒன்று மகாதேவன் சாருக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதில் அனிதாவை உட்கார வைத்தேன். முத்துலட்சுமி நின்றார். இத்தனை வருஷமாக அந்த அறைக்கு எத்தனையோ அம்மாக்கள் வந்து, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். துணிக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் வாசலில் போட்டிருந்த நீல நாற்காலியை எடுத்தேன். அந்தப் படியில் கையில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. தங்கத்தை நினைத்துக்கொண்டு தலையில் கவிழ்த்தேன். மூச்சு வாங்க மேலே வந்து, அது எப்போதும் எங்கள் ஆபீஸிலேயே இருப்பது மாதிரி சாதாரணமாகப் போட்டு, உட்காருங்கள் என்றேன். முத்துலட்சுமி உட்கார்ந்தார். நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். என் தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். நான் வீடு வீடாக வாங்கிய நன்றியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சிரிப்புக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

“கீழக் கடை வாசல்ல கெடந்த நாற்காலியாக்கும் இது, ஏறி வரும்போ பாத்தேன்,” என்றார். “இருக்கட்டும் சேச்சி. ஆள் வந்தா அப்படித்தானே.”

அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் நாற்காலி என்று வருகிற இடத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுதுவதை விட்டு ‘யாருடையது’ என்று கேட்டு எழுதுகிறேன், நாளைக்கு எங்கள் ஆபீஸைப் பார்த்து யாராவது ரிப்போர்ட் எழுத வந்தால் ‘கீழ்க் கடைக்காரருடையது’ என்று அவர்களும் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும்.