எண்ணூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்

2007ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனேன். பெண்கள் கபடிப் போட்டி ஒன்றுக்கு மைதான மருத்துவர் தேவை என்று பள்ளித் தோழி தேவகி அழைத்திருந்தாள். அவள் ராயபுரம் அணியின் பயிற்சியாளர். நான் திருச்சியில் கிளினிக் வைத்திருக்கும் விளையாட்டு மருத்துவர். இதைச் சொன்னதும் எல்லோரும் "எலும்பு டாக்டரா?" என்பார்கள். நான் கத்தி எடுப்பதில்லை. சுளுக்கு, மூச்சிரைப்பு, ரத்தசோகை, தலையில் பட்ட அடி என்று விளையாடுகிறவரின் முழு உடம்பையும் பார்த்து, இன்று ஆடலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. "கூடாது" என்று சொல்லும் நாளில் யாருக்கும் என்னைப் பிடிக்காது.

சென்ட்ரல் பக்கத்திலுள்ள புறநகர் ரயில் நிலையத்தில் காலை 6.50க்குக் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். டிக்கெட் ஆறு ரூபாய். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி எண்ணூரில் இறங்கும்போது 7.40. மைதானம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடந்தே போகலாம், ஆனால் மூக்கை மூட ஒரு துண்டு வேண்டும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஒரு பக்கம், மறுபக்கம் கட்டுமரங்கள். வேப்பிலையைத் தொட்டால் விரலில் சாம்பல் ஒட்டுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு பெண்களுக்கு இன்ஹேலர் கொடுத்தேன், நான்கு கணுக்கால்களுக்கு டேப் சுற்றினேன்.

போட்டி நடத்தியவரிடம் ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன். "சொல்லியாச்சு மேடம், வந்துகினே கீது" என்றார். நானும் சரி என்று உட்கார்ந்துவிட்டேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் முதல் ஆட்டத்தைத் தொடங்க விட்டது என் தப்பு.

அரையிறுதி 12.40க்கு. ராயபுரம் அணியில் பாடிப் போகிறவர்களில் ஆரோக்கியமேரிதான் நட்சத்திரம். இருபத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, பல்லிபோல வழுக்கிக்கொண்டு திரும்பி வருவாள். கடைசி நிமிடத்தில் கோட்டைத் தொடப் பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் வலது பக்க நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தாள். நான் ஓடிப் போவதற்குள் எழுந்து சிரித்தாள். அணி ஜெயித்திருந்தது.

"பாயிண்டு இன்னா டாக்டர்க்கா?" என்றாள். சொன்னேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், வலி இல்லை. கண்மணி இரண்டும் சமமாக இருந்தன. மறுபடி, "பாயிண்டு இன்னா?" என்றாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், செப்டம்பர் என்று போனாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் இரண்டு முறை தடுமாறினாள்.

"இறுதி ஆட்டத்துக்கு மேரி இல்லை" என்றேன்.

தேவகியின் முகம் மாறிவிட்டது. "சாந்தி, ஒரு மாசம் மறந்துட்டா அடியா? எனக்கே தலைகீழா சொல்ல வராது."

மேரியின் அண்ணன் சேவியர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். "இன்னா டாக்டர், நல்லா நின்னுகினு கீற பொண்ண இட்டாந்து குந்த வெக்கிற? வேலைக்கு ஆள் எடுக்கிறவங்கோ அதோ, சேர் போட்டு குந்திகினு கீறாங்கோ. இந்த ஒரு மேட்சு ஆடட்டும். அப்பால நீ இன்னா சொன்னாலும் கேக்குறோம்."

தேர்வாளர்கள் வந்தது உண்மை. ஓர் அரசு நிறுவன அணிக்கு இரண்டு பேரை எடுப்பதாக இருந்தார்கள். எடுத்தால் சம்பளம், குடியிருப்பு, எல்லாம். ஒருவேளை வெறும் அதிர்ச்சியாக இருந்தால்? நாளைக்கே சரியாகிவிட்டால், இந்தப் பெண்ணின் வேலையைக் கெடுத்தவள் நான். ஆனாலும், மேரி ஆடக் கூடாது என்று நடுவரின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேரி அழுதாள். சேவியர் எச்சிலைக் காறித் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அவளை என் பக்கத்திலேயே நிழலில் உட்கார வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சுக் கொடுத்தேன். கோபத்தில் ஒற்றை வார்த்தைதான் வந்தது. 1.30க்குத் தலைவலி அதிகம் என்றாள். 1.50க்கு வாந்தி. உடனே இன்னொரு முறை. பிறகு தூங்க வேண்டும் என்று என் தோளில் சாய்ந்தாள். மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கேட்டேன். இல்லை. வரவே இல்லை.

வாசல் வழியே போன ஷேர் ஆட்டோவைத் தேவகி மறித்தாள். ஓட்டுநர் முனுசாமி, ஐம்பது வயது இருக்கும், ஒரு கேள்வி கேட்கவில்லை. பின் சீட்டில் மேரியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி என் மடியில் பிடித்துக்கொண்டேன். சேவியர் முன்னால் தொற்றிக்கொண்டார். ராயபுரம் பக்கமிருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். புறப்பட்டது 2.00.

ஞாயிறு என்றால் ரோடு காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எர்ணாவூர் வரும்போது எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. சில ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

"ஆர்பர் கேட்டு வரிக்கும் இதே பேஜாருதான்மா" என்றார் முனுசாமி. "அந்தாண்ட பூந்து ஹைரோட்ட புட்ச்சிட்டா போய்டலாம். இந்த லாரிங்கோதான் வழிய அட்ச்சிகினு கீது."

ஹைரோட்டுக்குத் திரும்பும் இடம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி. ஐந்து நிமிடம் அசையவில்லை. "மேரி, உன் பேர் சொல்லு" என்றேன். "ம்" என்றாள். கன்னத்தைத் தட்டினால்தான் கண் திறந்தது. பென் டார்ச்சை அடித்தேன். வலது கண்மணி இடதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"சேவியர், நேரம் இல்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குதித்து ஓடினார்.

முதல் லாரியின் கதவை இரண்டு கையாலும் அறைந்தார். "நைனா! வண்டிய அந்தாண்ட ஒடி! என் தங்கச்சி சாவுது!" அடியில் படுத்திருந்தவர் எழுந்து ஏறி ஸ்டியரிங்கை ஒடித்தார். இரண்டடி இடம் கிடைத்தது. அடுத்த லாரி. அதற்கடுத்தது. சிலரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், சிலரைத் திட்டினார், ஒருவரின் காலில் விழப் போனார். பிறகு லாரிக்காரர்களே இறங்கி முன்னால் ஓடிக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணாடி உரச, முனுசாமி வண்டியை ஊர்ந்து நகர்த்தினார். நான் விரலை அவள் நாடியில் வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். நாடி மெதுவாகிக்கொண்டே வந்தது. அந்த முக்கால் கிலோமீட்டருக்குப் பதினேழு நிமிடம்.

ஹைரோட்டில் சேவியர் மூச்சிரைக்க வந்து ஏறினார். செருப்பு இரண்டும் எங்கோ போயிருந்தன. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை. ஹாரனில் வைத்த கையை முனுசாமி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் 2.58.

ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே பெரிய ரத்தக்கட்டு. நேராக அறுவைக்கு எடுத்துப் போனார்கள். தாழ்வாரத்தில் சேவியர் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். தேவகி மைதானத்திலிருந்து போன் செய்தாள். அணி தோற்றுவிட்டது என்று சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதாள். மாலை 6.20க்கு அறுவை நிபுணர் வெளியே வந்து, "பிழைச்சுக்குவா. இன்னும் அரை மணி ஆகியிருந்தா கஷ்டம்" என்றார். சேவியர் எழுந்து வெளியே போனார். ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

மேரி பதினோராம் நாள் வீட்டுக்குப் போனாள். மார்ச்சில் திருச்சிக்கு வந்து, எப்போது ஆடலாம் என்று கேட்டாள். அறுவைக்காகத் திறந்து மூடிய அந்த மண்டையோட்டை வைத்துக்கொண்டு இனிக் கபடி ஆடக் கூடாது என்றேன். முதல் "கூடாது"வைவிட அதுதான் கடினமாக இருந்தது. எழுந்து போனாள்.

எண்ணூர்ப் பக்கம் அணியோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரோடு நீங்களே பேசி, வண்டியைப் பார்த்த பிறகு விசில் அடிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டை எந்த நாளிலும் நம்பாதீர்கள். ஹைரோட்டுக்குத் திரும்பும் இடத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து சிரித்தாலும் அன்று ஆடவிடாதீர்கள், தனியே விடாதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, தூக்கம் அழுத்தினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

போன மாதம் மேரியே போன் செய்தாள். காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. ஆட்டம் பார்க்கப் போவாயா என்று கேட்டேன்.

"போறதில்ல டாக்டர்க்கா. பாத்தா காலு துடிக்குது." பிறகு சொன்னாள், "நீங்க சொன்னது கரீட்டுதான். எங்கம்மா தெனம் உங்க பேர சொல்லி ஜெபம் பண்ணுது. எனக்குத்தான் இன்னும் கோவம் போவல."

"இருக்கட்டும்" என்றேன். உயிரோடு இருந்து கோபப்படுகிற குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.