ஜாபர் பாயின் எண்ணெய்க் கணக்கு

சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாபர் உசேன் பஸ்ஸில் ஏறுவார். பணமாக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே விரல் நீளப் பாட்டிலில் தேங்காயெண்ணெய். மலையடிவாரத்துக் காரவள்ளியில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் அந்த மனிதர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. எண்ணெய் எதற்கு என்று கேட்டே விட்டேன்.

"எனக்கு இதுதானுங்க வானிலை ஆபீசு. எண்ணெ ஓடுச்சுன்னா சூடு, உறைஞ்சுதுன்னா குளிரு. குளிருன்னா ரெசினுக்கு மருந்து கூட ஊத்தோணும்."

சமையல் மேடைக் கல்லில் கொடி, பூ, மயில் என்று பள்ளம் வெட்டி, சாயம் கலந்த ரெசினை ஊற்றி, இறுகியதும் தேய்த்துப் பளபளப்பாக்குவது பாயின் தொழில். 'மருந்து' என்பது ரெசினை இறுக வைக்கும் திரவம். ரெசின் வாங்கப் போனால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். டின்னைத் திறந்து மோந்து, குச்சியில் தொட்டுத் தூக்கிப் பார்ப்பார். "மலைத்தேனாட்டம் அறாம வடியோணும். பாகாட்டம் இழுத்தா அது கெழடுங்க, வேண்டாம்."

இந்த வருஷம், 2004 தையில், மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தோம். வாத்தியார் சம்பளத்தில் என் மனைவி அம்சவேணி கேட்டது ஒன்றே ஒன்று. கறுப்பு மேடைக்கல்லில் பச்சை மிளகுக்கொடி, அதில் நிஜ மிளகு. நாமக்கல்லிலிருந்து வரும் அவள் அக்கா அத்தாயி அதைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். அத்தாயியின் வாயை அடைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

பட்டறையிலேயே ரெசின் ஊற்றினால் மலைப்பாதையின் எழுபது வளைவில் குலுங்கி விரிசல் விடும் என்பது பாயின் கொள்கை. ஆகவே பள்ளம் வெட்டிய கல்லைப் பதித்துவிட்டு, விழாவுக்கு முந்தின நாள் காலை ரெசினோடு வந்து இறங்கினார். மனைவி ஜுலைகா பீவி வாங்கிக் கொடுத்த புது ஸ்வெட்டர், காதுவரை குல்லா. எதிர்வீடே தெரியாத பனிமூட்டம். ஸ்வெட்டருக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். எண்ணெய் தண்ணீராக ஓடியது.

"குளிரெல்லாம் சும்மா பேச்சுங்க வாத்தியாரே" என்று சொல்லி, காரவள்ளி அளவிலேயே மருந்தை விட்டார். பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஆசையாகப் பறித்து வந்த பச்சை மிளகைத் திருப்பிக் கொடுத்தார். "ஈரம் உள்ள போனா கொப்புளிக்குமுங்க." காய்ந்த மிளகாகப் பார்த்துப் பதித்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கும் கொடி பசையாகவே கிடந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, எழ முடியாமல் சித்திரத்தோடு சேர்ந்துகொண்டது.

அம்சவேணிக்கு அழாத குறை. "ஏனுங்க பாய், நாளைக்கு எங்கக்கா கைய வெச்சா ஒட்டிக்குவாளே! அப்பறம் அவ ஊருக்கே போகமாட்டாளே!" ஜன்னலில் இருந்த தன் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். "எங்கூட்டு எண்ணெ கல்லாட்டம் கெடக்குது. உங்குளுது மட்டும் எப்படிங்க ஓடுது?"

பாய் தன் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. "அட, கெட்டுது போ! இது என்ற நெஞ்சுச் சூடுங்க!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பாப்பாயி நெருப்புச் சட்டியோடு ஓடி வந்தாள். "ஐயோ சாமி, வேண்டாம்! ரெசின் பத்திக்கும், ஊடே போயிரும்!" என்று பாய் குறுக்கே பாய்ந்து, வழியும் சொன்னார். விருந்துக்கு எடுத்திருந்த குண்டாக்களில் வாசலிலேயே வெந்நீர் காய்ச்சி, மூடிபோட்டு மேடையின் அடியிலும் ஓரத்திலும் நெருக்கி வைத்தோம். ஆற ஆற மாற்றினோம். சோறு வடிக்க வந்த சமையல்காரரும் தண்ணீர்தான் தூக்கினார்.

ஐந்து மணிக்குப் பாய் கொடியை நகத்தால் குத்தினார். நகம் வழுக்கியது. தேய்த்து முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் பால் பொங்கியதும் அத்தாயி நேராகக் கொடிமேல் உள்ளங்கையை வைத்தாள். கை ஒட்டவில்லை. அத்தாயி மிளகை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள், ஈயையும் சேர்த்து. "எனக்கும் ஒண்ணு செய்யச் சொல்லுடி" என்றாள்.

போன வாரம் மறுபடி பாயைப் பஸ்ஸில் பார்த்தேன். மலைமேல் இன்னொரு ஊரான பைல் நாட்டில் வேலையாம். அதே ஸ்வெட்டர். "பாய், கைய உள்ள எடுங்க!" என்று வளைவுக்கு வளைவு கண்டக்டர் கத்தினார். எதிரே வண்டி வந்தால் மட்டும் எடுத்தார், போனதும் நீட்டினார். உள்ளங்கைச் சூடு படாதபடி நூலில் கட்டிய எண்ணெய் பாட்டில், ஜன்னலுக்கு வெளியே பனியில் ஆடிக்கொண்டே மலையேறியது.