தலைசுற்றலுக்கு இந்தியில் என்ன?

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் மாடிப்படியில் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் ஃபைல் கட்டு. படி அசையாமல்தான் இருந்திருக்க வேண்டும்... எனக்கு மட்டும் ஊஞ்சல் ஆடியது.

ஆறு மாதமாக இப்படித்தான். வலது காதில் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஒரு கனம். உள்ளே 'ஙொய்' என்று ஒரு சத்தம் — ஸ்டேஷன் கிடைக்காத டிரான்சிஸ்டர் போல. முதலில் பக்கத்து வீட்டு ரேடியோவைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் தண்ணீர்க் குழாயை. கடைசியில் பார்த்தால், சத்தம் என்னோடு பஸ் ஏறி ஆபீஸுக்கே வருகிறது.

காது டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். சுத்தமான காது எதற்குக் கத்துகிறது? நான் கேட்கவில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்ற பியூனுக்கு டாக்டர்களைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

படியில் என்னைப் பிடித்தவர் எங்கள் படா பாபு. தலைமை குமாஸ்தாவை இந்த வடக்கத்தி ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"பீகே ஆயா ஹை க்யா?"

குடித்துவிட்டு வந்தாயா என்கிறார். நானா! பயத்தில், தெரிந்த இந்தியெல்லாம் மொத்தமாக வந்தது.

"நஹீ சாப். மேரா சக்கர் சல் ரஹா ஹை."

சக்கர் என்றால் தலைசுற்றல். ஃபேன் சுற்றினால் 'பங்கா சல் ரஹா ஹை' என்கிறார்கள். தலைக்கும் அதுதானே? இல்லையாம். சக்கர் 'வந்தால்'தான் தலைசுற்றல். சக்கர் 'ஓடினால்' ஒரு பெண்ணோடு தொடுப்பு என்று அர்த்தம்.

"அச்சா... இஸ் உமர் மே?" இந்த வயதிலா என்று படா பாபு முதுகில் தட்டினார். குடி என்றால் மெமோ. தொடுப்பு என்றால் தட்டிக்கொடுப்பு. என்ன நியாயமோ!

எங்கள் செக்‌ஷன் கோபாலனுக்கும் எங்களைப் போல மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸ்தான். சாயங்காலம் நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது.

"யாரு அவ?" என்றாள் என் மனைவி சரோஜா.

"எவ?"

"ஆபீஸே சிரிக்குதாமே. கோபாலன் சம்சாரம் குழாயடியில சொல்லிட்டுப் போறா."

"தலை சுத்துதுன்னுதான் சொன்னேன்."

"ஆறு மாசமா கூப்பிட்டா திரும்பறதில்ல. பேசினா காதுல வாங்கறதில்ல. கதவைச் சாத்திட்டு இருட்டுல படுத்துக்கறீங்க. யாரை நினைச்சிட்டு?"

வியாதியை வரிசையாகச் சொல்கிறாள்... ஆனால் குற்றப்பத்திரிகையாக. காலில் கட்டுப் போட்டிருந்தால் ஊரே நம்பும். உள்ளே இருக்கிற நோய்க்கு யார் சாட்சி?

அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலை, கரோல் பாக்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று டிரங்குப் பெட்டியை இழுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பெட்டியை அப்படி இழுத்ததில்லை. தடுக்கக் குனிந்தேன். அறை ஒரே சுற்று. தரையில் விழுந்தேன்.

"இது என்ன புது நாடகமா?"

பொய்யைப் பிடிக்கவேண்டும் என்றுதான் என் கண்ணுக்குள் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க... உங்க கண்ணு முழி தானா ஆடுதே. வெட்டி வெட்டி ஒரு பக்கமா இழுக்குதே."

எந்த நடிகனாலும் அப்படி ஆட்ட முடியாது. பெட்டியைத் தள்ளிவிட்டு என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேறொரு டாக்டர். பேச்செல்லாம் சரோஜாதான். ஒரு பக்கத் தலைவலி உண்டா, வெளிச்சம் கூசுமா என்று கேட்டு, இரண்டுக்கும் நான் தலையாட்டியதும் அவர் சொன்னார் — எல்லாம் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியின் வேலை. தலை வலிக்காத நாளிலும் சுற்ற வைக்குமாம், காதை அடைக்குமாம், கத்த வைக்குமாம். ஒரேயடியாகப் போகுமா? போகாது, குறையலாம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், இந்த மாத்திரை. அப்புறம், காபியை நிறுத்தவேண்டும்.

இதை எழுதும்போதும் காதில் சத்தம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்... வீட்டில் சந்தேகம் தீர்ந்ததே.

என்மேல் தீர்ந்தது என்று சொல்லவேண்டும். டாக்டர் வீட்டு வாசலைத் தாண்டியதுமே சரோஜா தணிந்த குரலில் கேட்டாள்: "ஏங்க, காபி குடிக்காதேன்னு சொல்றவரை எப்படி நம்பறது?"